சிறு படகின் உள்ளே ஒரு குடித்தனம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதங்களில் இம்மேடையில் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் திருக்குறளைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர்கள் பேசினார்கள். நாமோ பள்ளிப் படிப்போடு நின்று, இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக ஏடு எழுதி வருகிறோம். செயலாளர் அவர்கள் பேச அழைத்தபோது தயங்கினோம். "உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னால் போதும்" என்றார். நமக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, சரக்குப் பெட்டியில் எதை எங்கே ஏற்றுவது என்பது. மற்றொன்று, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடித்தனம் நடத்துவது. இவ்விரண்டு அறிவும் ஒருங்கே வேண்டியதோர் இடத்தைக் கடந்த ஓராண்டாகப் பார்த்து வருகிறோம். அதுவே சிறு படகின் உள்ளறை. குமாஸ்தாவுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று எண்ணாது, சற்றுப் பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறோம்.

இச்சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து, துறைமுகத்தில் பிட்டராக முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால், அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறோம். அவரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் பணம் சேர்த்து, கழிமுகத்துப் பட்டறை ஒன்றில் கிடந்த பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார்கள். நீளம் 24 அடி, அகலம் 8 அடி. உடல் உறுதியாக இருந்தது; உள்ளேயோ ஒன்றுமில்லை, வெறுங்கூடு. மழைக்காலம் நீங்கலாக, அக்டோபர் முதல் மே வரை கொங்கணக் கரையோரமாக அலிபாக், முருட், இரத்தினகிரி எனக் குடும்பத்தோடு மெல்லப் போய்வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கணக்கு எழுதுவதற்கு நம்மை அழைத்தார்கள். கணக்கு எழுதப் போன நாம், குடியிருப்பின் மொட்டைமாடியில் சுண்ணக்கட்டியால் அப்படகின் உள்ளளவை முழு அளவில் வரைந்து, அதற்குள் படுத்தும் உட்கார்ந்தும் குனிந்தும் பார்க்கும் வேலையிலும் சிக்கிக்கொண்டோம்.

உள்ளறை 13 அடி நீளம். நடுவில் ஏழு அடி அகலம்; நம் பரதவர் அணியம் என்று சொல்லும் முன்முனையில் ஒரு முழமாகச் சுருங்கிவிடும். உயரம் 4 அடி 9 அங்குலம். தாராவியிலும் குர்லாவிலும் ஓரறைக் குடித்தனம் செய்தவர்களுக்கு இது பழகிய அளவுதான். ஆனால் நம் அறை ஆடுவதில்லை, படகின் அறை ஆடும். அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே எல்லா விதிகளும் பிறக்கின்றன.

இதனைக் கற்க நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. உலகப் புகழ் பெற்ற சிறு படகு ஒன்று இந்த மும்பையிலேயே பிறந்தது. 'சுஹைலி' என்பது அதன் பெயர். 1963, 1964-ஆம் ஆண்டுகளில், பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்த இராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்பவருக்காக, நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தால் இழைத்தது. வாய்ச்சியும் வில்லால் சுழற்றும் துரப்பணமும் அவர்கள் கையிலிருந்த கருவிகள். நீளம் 32 அடி. இப்படகில் அவர் 1968-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் பால்மத் துறையிலிருந்து தனியே புறப்பட்டு, எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து, 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் அதே துறைக்குத் திரும்பினார். அப்போட்டியில் புறப்பட்டவர் ஒன்பதின்மர். முடித்தவர் இவர் ஒருவரே. தனியொருவர் நில்லாமல் உலகைச் சுற்றியது அதுவே முதன்முறை. இவர் எழுதிய நூலின் பழம்பிரதி ஒன்றைக் கோட்டைப் பகுதி நடைபாதைக் கடையில் வாங்கி, அகராதியின் துணையோடு படித்தோம். படகின் வேகத்தைவிட, படகின் உள்ளே நடந்தவையே நம் மனத்தைப் பிடித்தன.

1968 செப்டம்பரில் தென்கடலில் பேரலை ஒன்று படகைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டது. படுக்கையில் இருந்தவர்மேல் பொருள்கள் சரிந்து விழுந்தன. அறையின் கூரையே சிறிது இடம் பெயர்ந்தது. பின்னர்ப் பார்த்தால் தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டுப்போயிருந்தது. சில திங்களில் வானொலிக் கருவி பேசாதாயிற்று. தானே சுக்கான் பிடிக்கும் கருவியும் ஆஸ்திரேலியாவை நெருங்குகையில் பயனற்றுப் போயிற்று. ஆயினும் மனிதர் ஊர் வந்து சேர்ந்தார். இவற்றைப் படித்துவிட்டு அண்ணாச்சியிடம் ஒன்று சொன்னோம். இன்று உங்களிடம் சொல்ல வந்ததும் அதுவே. சிறிய இடத்தில் ஒரு பொருளின் இடத்தை நல்ல நாளைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. கெட்ட நாளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

இது நமக்கு நூலால் மட்டும் வந்த அறிவன்று. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை மும்பைத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார். சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அப்போது நாம் மித்தி ஆற்றுக்கு அருகே தரைத்தள அறையில் குடியிருந்தோம். மாலையில் வாசற்படியைத் தொட்ட நீர், இரவில் மார்பளவு வந்துவிட்டது. எரிவாயு உருளை மிதந்து அடுப்பின் குழாயைப் பிடித்து இழுத்தது. டார்ச் விளக்கு எங்கே என்று தெரியவில்லை. அன்னையாருக்கு மூச்சு நோய். அவருடைய மாத்திரைகளை, பத்திரமாக இருக்கட்டும் என்று, சான்றிதழ்களோடு கட்டிலின் கீழ்ப் பெட்டியில் வைத்திருந்தோம். பத்திரம் என்று நாம் எண்ணிய இடமே முதலில் மூழ்கியது. மேல்மாடிக் குஜராத்திக் குடும்பத்தார் அன்னையாரைத் தூக்கிச் சென்று காத்தார்கள். விடியும் வரை அவர் மூச்சுக்குத் தவித்ததை இன்றும் மறக்க இயலவில்லை. அறை பழைய அறைதான்; பொருள்களும் பழையவைதான். ஒரு முழம் உயரத்தில் ஓர் ஆணி அடித்துப் பையை மாட்டியிருந்தால் அந்த இரவு வேறு விதமாய் இருந்திருக்கும்.

இனிப் படகுக்கு வருவோம். முதல் வழக்கு படுக்கையைப் பற்றியது.

அண்ணாச்சி ஆறு படுக்கை வேண்டும் என்றார். அணியத்தில் இரண்டு, நடுவில் பக்கத்துக்கொன்றாக இரண்டு, அவற்றின் மேலே மடக்கிக் கட்டும் கித்தான் படுக்கை இரண்டு. கணக்குப் போட்டுக் காட்டினோம். உள்ளுயரம் 57 அங்குலம். கீழ்ப்படுக்கை தரையிலிருந்து 14 அங்குலம். மீதம் 43 அங்குலம். மனிதன் நிமிர்ந்து உட்கார ஏறத்தாழ 36 அங்குலம் வேண்டும். ஆகவே கீழே ஒரு படுக்கை மட்டும் இருந்தால் பகலில் அதுவே இருக்கை. மேலே ஒன்றைக் கட்டினாலோ இருவருக்கும் இருபது அங்குலமே மிஞ்சும். ஒருவரும் உட்கார முடியாது, புரளவும் முடியாது. நம் இரயில்வேயிலும் முன்பு இது நடந்தது. தூங்கும் பெட்டியின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு படுக்கைகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்றைச் செருகினார்கள். 72 படுக்கை 81 ஆயிற்று. கூடியது எண்ணிக்கை; குறைந்தது தூக்கம். பயணிகள் முறையிட, பின்னர் அவை எடுக்கப்பட்டன.

அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, முப்பத்தைந்து வருடம் ஒரே அறையில் ஆறு பேர் ஒருக்களித்துப் படுத்தோம். நான் புரண்டால் என் பிள்ளை விழித்துக்கொள்வான். கடலிலாவது ஆளுக்கொரு படுக்கை இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்." அதற்கு உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர் கேட்டது மரப்பலகை அன்று. வாழ்நாள் முழுவதும் கிடைக்காத ஒன்று. ஆயினும் படகின் உயரம் நம் இரக்கத்தைப் பார்த்துக் கூடுவதில்லை.

படகு முன்னும் பின்னுமாகத் தாவும்போது, ஏற்றப் பலகையின் நுனிகளைப் போல முன்முனை மிக உயர்ந்து மிகத் தாழும். நடுப்பகுதியே குறைவாக அசையும். ஆகவே அணியத்துப் படுக்கைகள் நங்கூரமிட்ட இரவுக்கு மட்டுமே உதவும். ஓடும் படகில் தூங்கத்தக்கவை நடுவிலும் அதற்குச் சற்றுப் பின்னும் உள்ள இரண்டே. இரண்டு போதுமா என்றால், போதும். ஓடும் படகில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை. முறை வைத்துக் காவல் இருப்பார்கள். இரவுப் பணிக்குப் போகும் இரயில்வேத் தோழர்கள் இருவர் ஒரே கட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நமக்குப் புதிதா?

படுக்கை ஆறரை அடி நீளம் இருக்க வேண்டும். அகலம் தோளருகே இரண்டடி. காலருகே அதிற் பாதி போதும். அகலம் கூடுதலாக இருந்தால் சுகம் என்று நினைப்போம். ஆடும் படகில் அகன்ற படுக்கை மனிதனை உருட்டும், குறுகிய படுக்கை பிடித்துக்கொள்ளும். படுக்கையின் வெளிவிளிம்பில் முழ உயரத்துக்குக் கெட்டித் துணி ஒன்றை அடித்து, அதன் மேலோரத்தைக் கயிற்றால் கூரையில் கட்ட வேண்டும். குழந்தையைத் தூளியில் இட்டதுபோல் ஆள் விழாமல் கிடப்பான். காலை நீட்டும் பகுதியை வேறொன்றன் அடியில் செலுத்திவிட்டால் இடமும் மிச்சம். இவ்வாறாக, இடப்பக்கப் படுக்கையின் நாலரை அடி வெளியே தெரியும். மீதி இரண்டடி சமையற்பலகையின் கீழே புகும். வலப்பக்கப் படுக்கையின் கால்மாடு, வெளியே சுக்கான் பிடிப்போர் அமரும் பள்ளத்தின் அடியில் நுழையும்.

அடுத்தது அடுக்களை. இதை அமைக்க நம் வீட்டாரையும் அண்ணாச்சியின் துணைவியாரையும் மாடிக்கு அழைத்துச் சுண்ணக்கோட்டுக்குள் நிற்க வைத்தோம். அணியத்தில் அடுப்பு வைக்கலாம் என்று ஆண்கள் முன்பு கோடு போட்டிருந்தோம். "புகையும் சூடும் போக வழியெங்கே? ஆடுகிற இடத்தில் கொதிக்கும் குழம்பை யார் பிடிப்பது?" என்று கேட்டார்கள். கோட்டை அழித்தோம். இறங்கும் வாயிலுக்குப் பக்கத்திலேயே அடுக்களை வேண்டும். அங்கே ஆட்டம் குறைவு, காற்று வரும், வெளியே இருப்பவருக்குத் தட்டை நீட்டலாம். அடுப்பைப் பக்கவாட்டு அச்சில் ஊஞ்சல்போல் தொங்கவிட வேண்டும். படகு சாய்ந்தாலும் அடுப்பு சமநிலையில் நிற்கும். பாத்திரத்தைக் கவ்வும் கம்பிகள் வேண்டும்; எல்லாப் பலகைகளுக்கும் இரண்டங்குல விளிம்புக் கட்டை வேண்டும்; சமைப்பவர் இடுப்பைத் தாங்க அகன்ற வார் ஒன்று வேண்டும். அடுப்பின் முன்னே ஒரு கம்பி. தடுமாறுகிறவர் கை நெருப்பில் விழாமல் அதைப் பற்றும்.

எரிபொருளில் இரண்டு வழி. மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்பு வெடிக்கும் ஆவியை எளிதில் உண்டாக்காது. ஆனால் முதலில் சூடேற்ற வேண்டும், புகை உண்டு, எண்ணெயும் முன்போல் எளிதில் கிடைப்பதில்லை. எரிவாயு உடனே பற்றும், சுத்தமானது. ஆனால் அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் சன்னலையும் கதவையும் திறந்து வெளியேற்றலாம். படகோ அடியில் ஓட்டையில்லாத கிண்ணம். கசிந்த வாயு அடிப்பள்ளத்தில் இறங்கி, நீர்போல் தேங்கி, ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே எரிவாயுவைத் தேர்ந்தால் உருளையை உள்ளறையில் வைக்கவே கூடாது. பின்புறத்தில் தனிப் பெட்டி கட்டி, அதன் அடியிலிருந்து கசிவு கடலுக்கு வெளியேற ஒரு குழாய் விட வேண்டும். அடுப்பை அணைப்பதோடு உருளையின் வால்வையும் ஒவ்வொரு முறையும் மூட வேண்டும். மிதந்த உருளையை ஒருமுறை கண்டவராதலின், நாம் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. சிறிய உருளையும் வெளிப்பெட்டியும் என்று முடிவாயிற்று. தீயணைக்கும் கருவி அடுப்புக்கு மேலே அன்று, வாயிலருகே; தீயைத் தாண்டி அதை எடுக்க முடியாதல்லவா?

குடிநீருக்கு வருவோம். சுஹைலியின் தொட்டி நீர் கெட்ட பிறகு அம்மனிதர் பாயில் விழுந்த மழையைப் பிடித்துக் குடித்தே பயணத்தை முடித்தார். கொங்கணக் கரையில் நம் பயணக் காலத்தில் மழையை நம்ப முடியாது. ஆளொன்றுக்கு நாளைக்கு நான்கு லிட்டர்; நால்வர், நான்கு நாள் என்றால் 64 லிட்டர். இதை ஒரே தொட்டியில் ஊற்றுவது எளிது, விலையும் குறைவு. ஆனால் ஒரே தொட்டி ஒரே விரிசலால் போகும். 25 லிட்டர்த் தொட்டி இரண்டு, 10 லிட்டர்க் குடுவை இரண்டு எனப் பிரித்தோம். தொட்டிகள் நடுவே தாழ்வாக, அடித்தளத்தையொட்டி இருக்க வேண்டும். கனமானது கீழும் நடுவிலும் இருந்தால்தான் படகு நிமிரும். சரக்குப் பெட்டியில் இரும்பைக் கீழும் பஞ்சைப் பஞ்சின் மேலும் ஏற்றும் நமக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நீரை எடுக்க மின்பம்பு வேண்டாம், கால்பம்பு போதும் என்றோம். குழாயைத் திறந்து மறந்தால் மின்பம்பு தொட்டியை வெறுமையாக்கிவிடும். கால்பம்பு மிதித்த அளவே தரும்.

கழிப்பிடத்தைப் பற்றி மேடையில் பேசுவதற்குக் கூச வேண்டியதில்லை. அது இல்லாத காரணத்தாலேயே பெண்கள் படகேற மறுக்கிறார்கள். ஒரு வழி, படகின் உடலைத் துளைத்துக் குழாய்களும் வால்வுகளும் பொருத்திக் கடல்நீரை இறைக்கும் கருவி. வசதிதான், ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு துளையும் ஒரு பொறுப்பு. குழாய் கழன்று, வால்வு திறந்திருந்தால், படகு நின்ற இடத்திலேயே மூழ்கும். மற்றொரு வழி, எடுத்துச் சென்று கரையில் கழுவும் மூடிய பெட்டிக் கழிப்பிடம். அண்ணாச்சியின் கூட்டாளிகள், "வாளி போதும்" என்றார்கள். பெண்கள் இருவரும் எழுந்து நின்று, "அப்படியானால் நீங்களே போய் வாருங்கள்" என்றதும் வாக்கெடுப்பு முடிந்தது. வலப்பக்கத்தில் இரண்டரை அடி இடம் ஒதுக்கி, பெட்டிக் கழிப்பிடமும், மரத்தடுப்புக்குப் பதிலாகக் கனத்த திரையும் அமைக்க இசைந்தோம். அறையிலிருந்த இடத்தில் இரண்டரை அடி போயிற்று. ஆயினும் குடும்பம் ஏறாத படகில் இடம் மிஞ்சி என்ன பயன்?

காற்றும் விளக்கும் அடுத்தவை. மூடிய அறையில் அடுப்பெரிந்தால் நச்சுவாயு சேரும். மனித மூச்சும் ஈரமாய்ச் சுவரில் வழியும். மேல்மூடியைத் திறந்தால் காற்றோடு அலையும் வரும். இதற்கு நல்ல வழி, 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நீரில் இறங்கிய 'டோராடு' என்ற படகின் பெயரால் வழங்கும் காற்றுப் பெட்டி. பெட்டியின் ஒரு பக்கத்தில் காற்றை வாங்கும் குழல்வாய். மறு பக்கத்தில் அறைக்குள் இறங்கும் குழாய், பெட்டித் தரைக்கு மேலே உயர்த்தி வைத்தது. உள்ளே வந்த நீர் தரையில் விழுந்து சிறு துளைகளால் வெளியேறும். காற்று மட்டும் உள்ளே இறங்கும். இரண்டு பெட்டி செய்யத் தச்சருக்கு இரண்டு நாள் வேலை, காசும் அதிகமில்லை.

விளக்கில் இக்காலத்தவர் பேறு பெற்றவர்கள். பழைய இழை விளக்கு 10 வாட். மூன்று விளக்கு நான்கு மணி நேரம் எரிய 120 வாட்-மணி வேண்டும். இன்றைய எல்.இ.டி. விளக்கு 2 வாட்டில் அவ்வொளி தரும். 24 வாட்-மணி போதும். ஒரு சிறு சூரிய ஒளித் தகடே அதை ஈடு செய்யும். மின்கலத்தைத் தாழ்வாக, பெட்டிக்குள், வார் போட்டுக் கட்ட வேண்டும். படகு கவிழ்ந்து நிமிர்ந்தாலும் அது இடம் பெயரக் கூடாது. ஈயமும் அமிலமும் கொண்ட மின்கலமானால் மின்னேற்றும்போது எரியும் வாயு வெளிவரும். ஆகவே அதன் பெட்டிக்குக் காற்றுவழி வேண்டும். மின்சாரம் எவ்வளவு இருந்தாலும், அடிநீரை இறைக்கும் பம்புகளில் ஒன்று கையால் இயக்குவதாக இருக்க வேண்டும்.

இனி, பொருள் வைக்கும் பெட்டிகள். ஒவ்வொரு படுக்கையின் அடியும் ஒரு பெட்டி. அவற்றுக்கு எண்ணிட்டு, எந்தப் பெட்டியில் என்ன என்பதை ஏட்டில் எழுதி, ஏட்டை வாயிலருகே தொங்கவிட்டோம். பார்சல் அலுவலகத்துப் பழக்கம் என்று நகைத்தார்கள். சுஹைலியின் கதை ஒன்றைச் சொன்னோம். மின்னாக்கும் இயந்திரத்தைச் சரிசெய்ய நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு மெல்லிய இடைவெளி அளக்கும் தகடு ஒன்று வேண்டியிருந்தது. அது படகில் இல்லை. நூல் ஒன்றின் தாள்களை எண்ணிப் பார்த்தார். 200 தாள் சேர்ந்தால் ஓரங்குலம். எனவே ஒரு தாள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. தாளைக் கொண்டே அளந்து இயந்திரத்தை ஓட்டினார். அவர் அறிவைப் போற்ற வேண்டும். ஆனால் நம்மைப் போன்ற எளியவர்கள் அந்தச் சிறு தகட்டை ஏட்டில் எழுதி எடுத்துச் செல்வதே நன்று. தீப்பெட்டி, மருந்து, உரிமைத்தாள்கள் ஆகியவற்றை நீர் புகாத பையிலிட்டுக் கூரையையொட்டிய அலமாரியில் வைத்தோம். அந்த ஆணியை நாமே நம் கையால் அடித்தோம்.

இறுதியாக, கைக்கு எட்டும் தூரத்தைப் பற்றி ஒரு சொல். 1960-ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலைத் தனியே கடக்கும் முதற் போட்டியில் ஹாஸ்லர் என்பவர் 'ஜெஸ்டர்' என்ற 25 அடிப் படகில் 48 நாளில் கடந்தார். பாய்க்கயிறுகள் அனைத்தையும் நடுவிலிருந்த ஒரு வட்ட வாயிலுக்குக் கொண்டுவந்து, மேற்தளத்துக்கு ஏறாமலே படகை நடத்தினார். அது நன்றாக இருந்த மனிதருக்கு வசதி. காயமுற்றவருக்கோ அதுவே உயிர். 2018-ஆம் ஆண்டு நம் நாட்டுக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, சுஹைலியைப் பார்த்துக் கோவாவில் கட்டிய 'துரியா' என்ற படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். செப்டம்பர் 21-ஆம் நாள் இந்துமாக்கடலின் தெற்கே புயலில் படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பு காயமுற்றது. நடக்க இயலாமல் படுக்கையில் கிடந்தபடியே சிறு கருவியின் வழியாகச் செய்தி அனுப்பினார். 24-ஆம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. அவரே மீண்டும் 2022-இல் புறப்பட்டு, 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டாமவராக முடித்தார் என்பதும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. அம்மூன்று நாளை எண்ணிப் பார்த்து, எங்கள் படகில் ஒரு விதி செய்தோம். இரண்டு படுக்கையின் தலைமாட்டிலும் ஒரு பை. அதில் நீர்ப்புட்டி, டார்ச் விளக்கு, ஊதுகுழல், செய்தி அனுப்பும் கருவி. படுத்தவர் எழாமலே எடுக்க வேண்டும். அணியத்திலும் ஒரு மேல்மூடி வேண்டும். வாயிலில் தீப்பற்றினால் மறுபுறம் வெளியேறலாம். ஒரே வழியுள்ள அறை வீடாகாது, பொறியாகும்.

அன்பர்களே! அண்ணாச்சியின் ஆறு படுக்கை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உள்ளே நான்கே அமைந்தன. ஆனால் கடைசி நாள் சுண்ணக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் துணைவியார், "வெளியே உட்காரும் பள்ளம் ஆறடி இருக்கிறதே, நங்கூரம் போட்ட இரவில் பாய்க்கட்டையின்மேல் ஒரு கித்தானைப் போர்த்தினால் இருவர் படுக்கலாமே" என்றார். அளந்தோம். இரண்டு பலகை இடையில் போட்டால் இருவர் தாராளமாகப் படுக்கலாம். உலகெங்கும் சிறு படகுக்காரர்கள் செய்வதுதான் இது; நாங்கள்தான் உள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம். ஓடும்போது இரண்டு, நின்றபோது ஆறு. "நான் வெளியே படுத்துக்கொள்கிறேன், தம்பி, வானமாவது புரள இடம் தரும்" என்றார் அண்ணாச்சி. அன்று ஆறாவது படுக்கையை நம் கையாலேயே வரைவில் எழுதினோம்.

மும்பையில் நம்மில் பலர் படகு வாங்கப் போவதில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் ஒரு சிறிய அறையின் மாலுமிகளே. இன்றிரவு வீடு சென்றதும் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கும் மருந்தும் உரிமைத்தாள்களும் கைக்கு எட்டுகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். எட்டவில்லையானால் ஓர் ஆணி அடியுங்கள். இவ்வுரையால் ஒரு வீட்டில் ஓர் ஆணி ஏறினாலும் நாம் பேசியது வீணாகாது.